செங்கல் சூளைக் குடும்பங்கள் நடுவே ஊழியம்: எதில் தொடங்குவது?

வாலிபர்குழு_திருவள்ளூர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் சபைக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு சேம்பர் (செங்கல் சூளை) இருக்கிறது. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து வந்த நாற்பது குடும்பங்கள் அங்கே தங்கிக் கல் அறுக்கிறார்கள். மழை தொடங்கும் ஜூன் வரை இருப்பார்கள் என்கிறார் மேஸ்திரி. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் களத்தில் பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாலிபர் குழுவில் 15 பேர் உழைக்கத் தயார். மாதம் 12,000 ரூபாய் வரை சேர்க்க முடியும். துணி, பிஸ்கட், பால் பவுடர் கொடுத்து, பாட்டு விளையாட்டோடு ஒரு முழுநாள் நிகழ்ச்சியும் ஒரு மருத்துவ முகாமும் நடத்தலாம் என்று பேசியிருக்கிறோம். இந்த வேலை தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

களத்துப்பள்ளி:
முழுநாள் நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள், பிரதர். அவர்கள் கையில் இருப்பது ஆறு மாதம். அதில் ஜனவரியிலேயே பள்ளியில் பெயர் ஏறினால்தான் பிள்ளைக்கு ஏதாவது மிஞ்சும்.

முதல் வாரம் எதுவும் கொடுக்காமல் கணக்கு மட்டும் எடுங்கள். குடிசைக்கு ஒரு வரி: பிள்ளையின் பெயர், வயது, ஊரில் கடைசியாகப் படித்த வகுப்பு, வீட்டில் கைக்குழந்தை உண்டா, யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா. அந்தத் தாளோடு கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குப் போய் ஆசிரியப் பயிற்றுநரைப் பாருங்கள். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கண்டறிந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பிலேயே வருகிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று தலைமையாசிரியர் தயங்கினால், 2009 கல்வி உரிமைச் சட்டத்தைச் சொல்லுங்கள். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை வயதுச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அரசுத் தொடக்கப்பள்ளியில் சேர்ந்தால் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் மதிய உணவும் கிடைக்கும். உங்கள் பிஸ்கட்டைவிட அது எவ்வளவோ மேல்.

சேர்த்த பிறகு பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடுவதற்குக் காரணங்கள் உண்டு. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. வாங்கிய முன்பணம் அதில்தான் கழிகிறது. பிள்ளை களத்தை விட்டுப் போனால் அன்றைய எண்ணிக்கை குறையும். வெயிலுக்குப் பயந்து விடியுமுன்னே அறுப்பு தொடங்கும் சூளைகள் நிறைய. அங்கே பிள்ளைகளுக்கும் தூக்கம் பாதிதான். இதைவிடப் பெரிய தடை கைக்குழந்தை. எட்டு வயது அக்கா இடுப்பில் தம்பியோடுதான் வருவாள். தம்பியைக் கொண்டுவராதே என்றால் அவளும் வரமாட்டாள். அதனால் சூளையிலேயே மாலை வகுப்பு ஒன்று நடத்தி, அதில் இரண்டு பேரைக் குழந்தை பார்க்க மட்டும் வையுங்கள். ஒரு பாய், இரண்டு தூளி, குடிக்கத் தண்ணீர் போதும்.

வகுப்புக்கு இடம் தேர்வு செய்யும்போது மண் எடுத்த பள்ளங்களைப் பாருங்கள். தண்ணீர் தேங்கி, விளிம்பு சரிந்து கிடக்கும். டிராக்டர் பின்னால் எடுக்கும் பாதையும் ஆகாது.

செவிலியர்_அக்கா:
பால் பவுடர் வேண்டவே வேண்டாம். பால் பவுடரும் புட்டியும் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுப்பதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. காரணமும் தெளிவானது: சூளையில் புட்டியைக் கொதிக்கவைக்க நேரமோ விறகோ இல்லை, பவுடர் சீக்கிரம் தீராமல் இருக்கத் தண்ணீரைக் கூட்டிக் கலக்குவார்கள், தாய்ப்பாலும் வற்றும். வயிற்றுப்போக்கில் போய் முடியும்.

தனி மருத்துவ முகாமுக்குப் பதில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, கிராம சுகாதார செவிலியரைச் சூளைக்கு அழைத்து வாருங்கள். புதன்கிழமை தடுப்பூசி நாள். அட்டை ஊரில் இருக்கிறது என்பார்கள். அட்டை வரும்வரை ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பிணிகளின் பெயரையும் அன்றே பதியச் சொல்லுங்கள்.

உங்கள் குழுவே செய்யக்கூடியது கைச்சுற்றளவு அளப்பது. 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும். இடது கை, தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே குறியிட்டு, கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. அன்றே அரசு மருத்துவமனை. 11.5 முதல் 12.5-க்குள் என்றால் அங்கன்வாடியில் சேர்த்துச் சத்துமாவு வாங்கிக் கொடுத்து, வாரம் ஒருமுறை அளந்து வாருங்கள். நாடாவை இறுக்கிப் பிடித்தால் அளவு குறைந்து காட்டும். அதிகம் நடக்கும் தவறு இதுதான். இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்தால் கைச்சுற்றளவு எவ்வளவு இருந்தாலும் மருத்துவமனைதான்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) கொடுக்கும்போது கூடவே ஒரு லிட்டர் பாட்டிலும் கொடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி, குழந்தைக்கு ஆபத்து. 200 மில்லி பாக்கெட்டும் கடையில் உண்டு, படித்துப் பார்த்து வாங்குங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. துத்தநாக மாத்திரையைச் செவிலியரிடம் வாங்கி 14 நாளும் கொடுக்க வேண்டும். போக்கு நின்றதும் அம்மாக்கள் நிறுத்திவிடுவார்கள், நினைவுபடுத்த ஒருவர் போக வேண்டும்.

வாலிபர்குழு_திருவள்ளூர்:
மிக்க நன்றி அக்கா, பிரதர். எங்களில் யாருக்கும் ஒடியா தெரியாது. முதலாளியிடம் எப்படிப் பேசுவது? ஜெபக் கூட்டத்தையும் வகுப்போடு சேர்த்து வைக்கலாமா?

களத்துப்பள்ளி:
சூளையிலேயே எட்டாவது, பத்தாவது படித்த பெண் ஒருவராவது இருப்பார். அவரை வகுப்பு எடுக்கச் சொல்லி மாதச் சம்பளம் கொடுங்கள்; உங்கள் 12,000-க்கு இதைவிட நல்ல செலவு இல்லை. அவர் ஒடியா எழுத்தைச் சொல்லிக்கொடுக்கட்டும், உங்கள் ஆட்கள் கணக்கும் பேச்சுத் தமிழும். ஊர் திரும்பியதும் பிள்ளை படிக்கப்போவது ஒடியாவில்தான். வகுப்புக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்தே போக வேண்டும். பிள்ளைகள் முகம் தெரியும் படம் எடுத்துப் போடாதீர்கள்.

ஜெபத்தையும் உதவியையும் ஒரே மேடையில் வைக்காதீர்கள். கையில் பை வாங்கக் காத்திருப்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. யாராவது கேட்டால் அவர் வீட்டில் போய் ஜெபியுங்கள்.

தொழிலாளர்_உதவி:
முதலாளியிடம் வகுப்பு, தடுப்பூசி இரண்டுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். அரசுப் பணியாளர் கூட வந்தால் மறுப்பது குறைவு. வெளியே போகவிடாமல் காவல், கணவன் ஊருக்குப் போக மனைவியைப் பிணையாக நிறுத்துவது, அடி, கூலியைப் பிடித்துவைப்பது, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் களத்தில் நின்று வாதாடாதீர்கள். அன்றிரவே அந்தக் குடும்பத்தை வேறு இடத்துக்கு ஏற்றிவிடக் கூடும். கோட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ எழுத்தில் கொடுங்கள். குழந்தைகள் விஷயம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. நன்கொடை திரட்டி முன்பணத்தை அடைக்கவும் கூடாது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. நீங்கள் கட்டினால் அடுத்த பருவத்துக்கு இன்னொரு குடும்பம் அதே கணக்கில் வரும்.

ரேஷன் இன்னும் யாரும் சொல்லவில்லை. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் ஒடிசா அட்டைக்கு இங்கேயும் தானியம் வாங்கலாம்; முன்னுரிமை அட்டை என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ, 2023 ஜனவரி முதல் இலவசம். அட்டை ஊரில் இருந்தாலும் எண்ணும் ஆதாரும் போதும். சிக்கல் விரலில்: மண் பிசைந்து ரேகை தேய்ந்து இயந்திரம் ஏற்காது. அட்டையில் பெயருள்ள வேறு யாராவது, பெரும்பாலும் வயதான அம்மாவோ படிக்கும் பிள்ளையோ, விரல் வைத்தால் ஏற்கும். ஊரிலேயே அந்த மாதப் பங்கை உறவினர் வாங்கியிருந்தால் இங்கே கிடைக்காது. போனில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதத்திலேயே பள்ளியில் படித்ததற்கான சான்று வாங்கிவிடுங்கள். கணக்கு முடிந்ததும் ஒரே நாளில் கிளம்பிவிடுவார்கள். சான்று, தடுப்பூசி அட்டை, ஆதார் நகல் மூன்றையும் தண்ணீர் புகாத கவரில் போட்டு அம்மா கையில் கொடுங்கள். பெற்றோர் வேலைக்குக் கிளம்பும் பருவத்தில் பிள்ளைகள் தங்கிப் படிக்க பலாங்கீர், நுவாபடாவில் அரசு விடுதிகள் உண்டு. அதைப் போகும்முன் சொல்லி, விநாயகர் சதுர்த்திக்கு முன்பு ஒருமுறை போன் போடுங்கள். மறுநாள் அங்கே நுவாகாய் பண்டிகை, அதையொட்டித்தான் சர்தார்கள் (சூளைக்கு ஆள் சேர்க்கும் தரகர்கள்) முன்பணத்தோடு வருவார்கள்.