கிராப்பிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு: பாடி முதலா, லென்ஸ் முதலா?

மாலைவெயில்:
வணக்கம். நான்கு வருடமாக நிக்கான் டி5600 (சின்ன சென்சார் உள்ள கிராப் கேமரா) வைத்திருக்கிறேன். லென்ஸ்கள்: கேமராவோடு வந்த 18-55, அப்புறம் ஒரு 70-300 (இரண்டும் ஏஎஃப்-பி மோட்டார் வகை; டிஎக்ஸ், அதாவது நிக்கானின் கிராப் அளவு), 35 எஃப்/1.8 டிஎக்ஸ், 50 எஃப்/1.8ஜி. இப்போது பழைய டி750 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா; பெரிய சென்சார், ஃபுல் ஃப்ரேம்) ஒன்று நல்ல நிலையில் கைக்கு வருகிறது. அதை வாங்கினால் லென்ஸ் வாங்கக் கையில் எதுவும் மிஞ்சாது. இருக்கிற லென்ஸெல்லாம் அதில் மாட்டும் என்கிறார்கள். மாட்டினால் போதுமா, படமும் உருப்படியாக வருமா? நான் எடுப்பது பெரும்பாலும் மனிதர்கள், வீட்டு விசேஷங்கள், எப்போதாவது ஒரு பறவை.

ஒற்றைக்கண்:
யோசிக்காமல் வாங்குங்கள். நான்கும் மாட்டும், நான்கும் ஃபோகஸ் செய்யும். நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) 1959இல் வந்தது, வளையம் இன்றும் அதே அளவுதான். டிஎக்ஸ் லென்ஸ் மாட்டியதும் டி750 அதைக் கண்டுகொண்டு சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் (டிஎக்ஸ் கிராப்). மூலையில் கறுப்பு விழாது, கோணமும் இப்போது பார்ப்பதேதான். உங்கள் 50 மட்டும் ஃபுல் ஃப்ரேம் லென்ஸ், அது முழுச் சென்சாரையும் நிரப்பும். மற்றதைப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் மாறினேன், ஒரு வருடம் ஆனது, ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

கண்ணாடிக்காரன்:
ஒற்றைக்கண் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் முக்கால்வாசியை விட்டுவிட்டார். தம்பி, கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

டி750இன் சென்சார் சுமார் 36×24 மிமீ. டிஎக்ஸ் என்பது 23.5×15.6 மிமீ. பரப்பளவில் சுமார் 2.35 மடங்கு வித்தியாசம். 24 மெகாபிக்சல் கேமராவை டிஎக்ஸ் கிராப்பில் போட்டால் மிஞ்சுவது 3936×2624, அதாவது 10.3 மெகாபிக்சல். உங்கள் டி5600 அதே லென்ஸில் 24 கொடுக்கிறது. புதுக் கேமரா வாங்கிப் பாதிக்கும் குறைவான பிக்சலில் படம் எடுப்பதா?

சரி, பிக்சலை விடுங்கள். ஃபுல் ஃப்ரேமுக்கு எதற்காகப் போகிறோம்? இருட்டில் சுத்தமான படம் வேண்டும் என்றுதானே? அந்த ஆதாயம் சென்சாரின் பரப்பிலிருந்து வருவது. கிராப்பில் வெளிப்பகுதியில் விழும் வெளிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டால் ஆதாயமும் அதோடு போய்விடும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 6400இல் 18-55ஐ மாட்டி எடுத்தால் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சல் டி5600இல் வருவது போலத்தான் இருக்கும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. கிராப் போட்டதும் டி750இன் வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் துளை) நடுவில் ஒரு சதுரக் கோடு மட்டும் தெரியும், சுற்றிலும் இருப்பது அப்படியே இருக்கும். அந்தப் பெட்டி உங்கள் டி5600இன் வ்யூஃபைண்டரில் தெரியும் படத்தைவிடச் சின்னது! பெரிய வ்யூஃபைண்டருக்கு ஆசைப்பட்டு வாங்கி, அதன் நடுவில் தபால்தலை பார்ப்பீர்கள்.

லென்ஸ் முதலில். ஃபுல் ஃப்ரேம் லென்ஸை இன்றே வாங்கி டி5600இல் மாட்டுங்கள், முழுதாக வேலை செய்யும். பாடி பிறகு வரட்டும்.

ஒற்றைக்கண்:
சதுரம் இல்லை அண்ணா, செவ்வகம். :) அது போகட்டும். அந்தச் செவ்வகத்திலும் ஒரு லாபம் உண்டு. டி750இன் 51 ஃபோகஸ் புள்ளிகளும் நடுவில் குவிந்துகிடக்கும், ஃபுல் ஃப்ரேமில் ஓரத்தில் நிற்பவரின் கண்ணுக்குப் புள்ளி எட்டாது. டிஎக்ஸ் கிராப்பில் அதே புள்ளிகள் கிட்டத்தட்ட முழு அகலத்தையும் நிரப்பிவிடும். கட்டத்துக்கு வெளியே இருந்து உள்ளே வரப்போகிறவர் முன்கூட்டியே தெரிவார். ஓடும் குழந்தையை எடுத்துப் பாருங்கள்.

10 மெகாபிக்சலை ஏன் இவ்வளவு கேவலமாகப் பேசுகிறீர்கள்? 3936 பிக்சலை 300ஆல் வகுத்தால் 13 அங்குலம். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் அச்சடித்தும் மிச்சம் இருக்கும். விசேஷ வீட்டுப் படங்களை எல்லாரும் ஃபோனில்தான் பார்க்கிறார்கள்.

"லென்ஸ் முதலில்" என்பது கேட்க நன்றாக இருக்கும். 24-70ஐ டி5600இல் மாட்டினால் (கிராப்புக்கு 1.5ஆல் பெருக்க வேண்டும்) கோணம் ஃபுல் ஃப்ரேமின் 36இலிருந்து 105 வரை. வீட்டுக்குள் ஒரு குழுப்படம் எடுக்கச் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டும். பாடி வரும்வரை அந்த லென்ஸ் பாதி முடம்.

பழையஷட்டர்:
இது நிக்கான் திரி என்று தெரியும், ஆனால் இதைப் படித்துவிட்டு கேனான்காரர்கள் யாராவது கடையேறிவிடக் கூடாது. நம் பக்கம் கதை வேறு. 2003இல் வந்த இஎஃப்-எஸ் (கேனானின் கிராப்) லென்ஸ்களின் பின்பக்கம் பாடிக்குள் கூடுதலாக நுழையும். கிராப் பாடிக்குள் எழுந்து விழும் கண்ணாடி (மிரர்) சின்னது, அதனால் இடம் இருக்கும். ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் பெரிய கண்ணாடி மேலே எழும்போது லென்ஸில் இடிக்கும் என்பதால் மாட்டவே விடாமல் செய்திருக்கிறார்கள். இஎஃப்-எஸ்ஸுக்கு வெள்ளைச் சதுரம், ஃபுல் ஃப்ரேமுக்கான இஎஃப்புக்குச் சிவப்புப் புள்ளி. வெள்ளைச் சதுரத்துக்கு ஜோடி ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் கிடையாது. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பின்வளையத்தைச் சீவி மாட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி.

மிரர்லெஸ் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. கேனானின் மிரர்லெஸ் ஆர் மவுண்டில் இடிக்கக் கண்ணாடியே இல்லை, அடாப்டர் போட்டு இஎஃப்-எஸ் மாட்டலாம், கேமரா தானே கிராப்புக்குப் போய்விடும். ஆனால் கேனான் கிராப் 1.6. இருபது மெகாபிக்சல் ஆர்6இல் சுமார் 7.7தான் மிஞ்சும். நிக்கான்காரர்கள் பத்துக்கே சண்டை போடுகிறீர்கள்.

என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றும் உண்டு. இரண்டாம் கையாக ஒரு அகலக்கோண லென்ஸ், வேறு நிறுவனத் தயாரிப்பு, இஎஃப் வளையம். ஃபுல் ஃப்ரேமுக்கானது என்று விற்றவர் சொன்னார், பாடியிலும் ஒழுங்காகப் பொருந்தியது. படத்தைப் பார்த்தால் கிணற்றுக்குள் விழுந்தவன் வானத்தை அண்ணாந்து பார்த்த மாதிரி நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் கும்மிருட்டு. லென்ஸ் மேல் எழுதியிருந்ததை நான் படிக்கவே இல்லை. டாம்ரானில் டிஐ என்றால் ஃபுல் ஃப்ரேம், டிஐ II என்றால் கிராப். சிக்மாவில் டிஜி ஃபுல் ஃப்ரேம், டிசி கிராப். சோனியில் எஃப்இ என்று இருந்தால் முழுசு, வெறும் இ என்றால் கிராப். பொருந்துகிறதா என்பதை வளையம் சொல்லும், நிரப்புமா என்பதை அந்த இரண்டு எழுத்துதான் சொல்லும்.

மாலைவெயில்:
நன்றி. ஒரு சந்தேகம். 35 டிஎக்ஸ் லென்ஸ் என் கேமராவில் 52 மாதிரி தெரிகிறது. லென்ஸிலேயே டிஎக்ஸ் என்று போட்டிருப்பதால் அந்தக் கணக்கு ஏற்கனவே அதில் சேர்ந்ததா? டி750இல் அது நிஜமான 35 ஆகிவிடுமா?

கண்ணாடிக்காரன்:
சேரவில்லை. 35 என்று எழுதியிருந்தால் எங்கே மாட்டினாலும் 35தான். டிஎக்ஸ் என்பது அந்த லென்ஸ் உள்ளே விழ வைக்கும் ஒளிவட்டத்தின் அளவைச் சொல்கிறது, அவ்வளவே. ஃபுல் ஃப்ரேமின் மூலைக்கு மூலை 43.3 மிமீ. டிஎக்ஸுக்கு 28 சொச்சம் இருந்தால் போதும். அந்த 28ஐ மூடும் அளவுக்குத்தான் வட்டம் இருக்கும் என்று உத்தரவாதம். டி750இல் கிராப்போடு எடுத்தால் பழையபடி 52இன் கோணம், கிராப்பை அணைத்தால் 35இன் கோணம், கூடவே கறுத்த மூலை.

ஒற்றைக்கண்:
இங்கேதான் நான் மறுக்கிறேன். உத்தரவாதம் 28க்குத்தான், ஆனால் இந்த 35 உண்மையில் அதைவிட நிறையவே மூடுகிறது. மெனுவில் தானியங்கி டிஎக்ஸ் கிராப்பை அணைத்துவிட்டு, எஃப்/1.8இல் (லென்ஸ் துளை அகலத் திறந்து), கிட்டத்தில் நிற்கும் ஒருவரை எடுங்கள். மூலைகள் மெல்ல மங்கும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். எஃப்/8 வைத்து (துளையைச் சுருக்கி) தூரத்து மலையை எடுத்தால் அதே மங்கல் கூர்மையான கறுப்பு முனையாக மாறிவிடும், அது ஆகாது.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. டி750இல் ஃபுல் ஃப்ரேம், டிஎக்ஸ் தவிர 1.2 என்று மூன்றாவதாக ஒரு கிராப், 30×20 மிமீ. நான் 35ஐ அதில்தான் வைத்திருந்தேன். மூலை சுத்தமாக இருந்தது, பத்துக்குப் பதில் 16 மெகாபிக்சலுக்கு மேல் கிடைத்தது, கோணம் 42. ஒரு வருடம் என் முக்கிய லென்ஸே அதுதான்.

கண்ணாடிக்காரன்:
1.2ஐ மறந்தே போனேன். ஒத்துக்கொள்கிறேன், 35க்கு அது நல்ல யோசனை. 18-55க்கு இதெல்லாம் செல்லாது.

மீன்கொத்தி:
எல்லாரும் மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், பாவம் அந்தப் பறவையை யாரும் கண்டுகொள்ளவில்லை. 300 மிமீயில் கிளை நுனியில் ஒரு மரங்கொத்தி. டி5600இல் அந்தக் கிளையும் பறவையும் 24 மெகாபிக்சல். டி750இல் அதே கட்டத்துக்குள் 10. கிராப் போடாமல் முழுதாக எடுத்துப் பிறகு வெட்டினாலும் அதே 10தான், மாயம் ஒன்றும் நடக்காது. நான் ஃபுல் ஃப்ரேம் பக்கமே போகாததற்குக் காரணம் இதுதான். டி850 மாதிரி 45.7 மெகாபிக்சல் இருந்தால் கிராப்பிலும் 19.4 வரும், அது வேறு கதை.

டி5600ஐ விற்றுவிடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

பழையஷட்டர்:
மிரர்லெஸுக்கே போனால் என்ன? நிக்கானின் மிரர்லெஸ் இசட்5இலும் கிராப்பில் பத்துதான், ஆனால் மின்னணு வ்யூஃபைண்டர் கிராப் படத்தை முழுத்திரைக்கு விரித்துக் காட்டும். கண்ணாடிக்காரனின் தபால்தலைப் பிரச்சினை அங்கே இல்லை.

கண்ணாடிக்காரன்:
அடாப்டர் வேண்டும். எஃப் மவுண்டில் வளையத்திலிருந்து சென்சாருக்கு 46.5 மிமீ, இசட் மவுண்டில் 16. நடுவில் 30.5 மிமீ குழாய், அதுதான் எஃப்டிஇசட் அடாப்டர். அதற்குள் லென்ஸ் கண்ணாடியும் இல்லை, ஃபோகஸ் மோட்டாரும் இல்லை. தம்பியின் நான்கு லென்ஸிலும் மோட்டார் உள்ளேயே இருப்பதால் ஃபோகஸ் ஆகும். உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். டி5600இல் அவை கையால்தான், டி750இல் பாடிக்குள் மோட்டார் இருப்பதால் தானாக ஃபோகஸ் ஆகும், இசட்டில் போனால் மறுபடி கையால்தான். டி750 வாங்க நானே ஒரு காரணம் சொல்கிறேன் பாருங்கள்.

மாலைவெயில்:
இரண்டு நாள் உட்கார்ந்து பழைய படங்களை எண்ணினேன். போன வருடம் அழிக்காமல் வைத்துக்கொண்டவை 412. அதில் 50 மிமீ 190, 35 மிமீ 96, 18-55இல் 88 (61 படங்கள் 18லேயே), 70-300இல் 38. அப்புறம் இருபது படங்களை 3936 அகலத்துக்குச் சுருக்கி ஏ4இல் அச்சடித்து அசல் அச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முகங்களில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பறவைப் படத்தில் தெரிந்தது, இறகு குழைந்துபோயிருந்தது.

எண்ணும்போது ஒன்று உறைத்தது. டி750இல் 50ஐ முழுதாக வைத்தால் இப்போது 35 காட்டும் கோணம். அதே 50ஐ டிஎக்ஸ் கிராப்பில் போட்டால் நான் முகம் எடுக்கும் பழைய கோணம், 10 மெகாபிக்சலில். ஒரே லென்ஸில் 286 படங்களின் கதை முடிந்துவிடுகிறது. சரிதானே?

ஒற்றைக்கண்:
ரொம்பச் சரி. அதைத்தான் முதல் பதிலிலேயே சொல்ல வந்தேன், இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

கண்ணாடிக்காரன்:
கணக்கு சரி. ஆனால் முகத்துக்கு 50ஐ கிராப்பில் போடுவது பழைய டி5600ஐயே பாதிப் பிக்சலில் வைத்துக்கொள்வது. பின்னணி மங்குவதிலும் பழைய அளவுதான், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 75 மிமீ எஃப்/2.7. கிராப் இல்லாமல் கட்டத்தை நிரப்ப முகத்துக்கு அருகே போனால் மூக்கு பெரிதாகிவிடும். அது லென்ஸின் குற்றம் இல்லை, நின்ற தூரத்தின் குற்றம். உங்களுக்கு அடுத்து வேண்டியது 85 எஃப்/1.8, பெரிய ஜூம் இல்லை. அந்த 61 படங்களுக்கு என்ன செய்வீர்கள்? விசேஷ வீட்டில், ராத்திரி, 18இல், குழுப்படம்?

மாலைவெயில்:
அதற்கு 18-55ஐயே கிராப்பில் வைத்துக்கொள்கிறேன், இப்போதும் அப்படித்தானே எடுக்கிறேன். டி5600 வீட்டிலேயே இருக்கும், 70-300 அதன் மேலேயே இருக்கட்டும். டி750க்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். 85க்கு இனிமேல்தான் சேர்க்க வேண்டும்.

கண்ணாடிக்காரன்:
நடக்கட்டும். கையில் வாங்கியதும் முதல் வேலையாக ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) பாருங்கள். டி750 2014இல் வந்தது, ஏஎஃப்-பி லென்ஸ்கள் அதற்குப் பிறகு வந்தவை. பழைய ஃபர்ம்வேர் இருந்தால் 18-55 சரியாக வேலை செய்யாது. புதுப்பித்த பிறகும் கேமரா தூங்கி எழுந்தால் ஃபோகஸ் நகர்ந்திருக்கலாம், எடுக்கும் முன் ஷட்டர் பொத்தானை இன்னொரு தடவை பாதி அழுத்துங்கள்.

மாலைவெயில்:
விற்பவரிடம் இப்போதே கேட்கிறேன் அண்ணா.