அஃபேசியா: 'பேச்சிழப்பு' வேண்டாம், 'சொல்முடக்கம்' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மருத்துவச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழுவில், மூளை சேதமடைந்து மொழி பழுதாகும் அஃபேசியாவுக்குப் 'பேச்சிழப்பு' என்பதே போதும், அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தயவுசெய்து இன்னும் ஒருநாள் இங்கேயே நிற்போம். இந்த ஒரு சொல்லால் என் பெரியப்பா நான்கு மாதம் அறிவு கலங்கியவராக நடத்தப்பட்டார்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை கொடுத்த தாளில் 'பேச்சிழப்பு' என்று எழுதியிருந்தது. பேச்சுதானே போயிற்று, எழுத்து இருக்குமே என்று இடக்கையில் பேனாவைக் கொடுத்து, முன்னால் ஒரு நோட்டை வைத்தோம். இரண்டு கோடு போட்டார், பிறகு வெறும் சுழிகள். செய்தித்தாளைக் கொடுத்தால் ஒரே தலைப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதக்கூட வரவில்லையே, அறிவும் சேர்ந்து போய்விட்டது" என்று உறவினர்கள் அவர் எதிரிலேயே பேசினார்கள். அவர் கண்ணில் நீர் வழிந்தது. அதையும் நோயின் அறிகுறி என்றே எடுத்துக்கொண்டோம். அந்தத் தாளில் வேறொரு சொல் இருந்திருந்தால் அந்த நான்கு மாதம் வேறு விதமாகக் கழிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அஃபேசியா வாயில் வரும் கோளாறு இல்லை. பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பாதியில்தான் மொழிக்கான பகுதிகள் இருக்கின்றன. அவை சேதமடையும்போது பேசுவது, கேட்டுப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது நான்குமே கூடவோ குறையவோ பழுதாகும். பிறவியிலேயே காது கேளாமல் சைகைமொழியில் வளர்ந்தவர்களுக்கும் இது வருகிறது. கை நன்றாக அசையும். சைகை மட்டும் சரியாகக் கூடிவராது. வாயால் ஒருநாளும் பேசியிராத ஒருவருக்குப் 'பேச்சிழப்பு' என்று எப்படி எழுதுவது?

இன்னொரு வகை இதைவிடச் சிக்கலானது. ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1874இல் விவரித்த நோயாளிகள் தங்குதடையில்லாமல் பேசுவார்கள். ஏற்ற இறக்கமெல்லாம் இயல்பாக இருக்கும். சொற்கள் மாறிப்போயிருக்கும், பொருள் கூடாது. பிறர் சொல்வதும் அவர்களுக்குச் சரியாக எட்டாது. ஓயாமல் பேசுகிற ஒருவரின் தாளில் பேச்சிழப்பு என்று எழுதினால், மருத்துவர் ஆள் மாற்றி எழுதிவிட்டார் என்றுதான் வீட்டார் நினைப்பார்கள்.

சிக்கல் 'பேச்சு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. "குழந்தைக்குப் பேச்சு வந்துவிட்டது" என்னும்போது அது மொழி. "பல் கட்டியதிலிருந்து பேச்சு தெளிவாக இல்லை" என்னும்போது ஒலிப்பு. "பேச்சு மாறமாட்டார்" என்றால் வாக்குறுதி. "இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை" என்றால் உறவு. "ஊரெல்லாம் இதே பேச்சு" என்றால் வதந்தி. "என் பேச்சைக் கேள்" என்றால் அறிவுரை. இத்தனையையும் ஒரு சொல் சுமப்பது பேச்சுவழக்கின் வளம்தான், எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனால் நோயின் பெயரில் அது நுழைந்தால், படிப்பவர் தமக்குத் தெரிந்த பொருளைத்தான் எடுத்துக்கொள்வார். நாங்கள் ஒலிப்பை எடுத்துக்கொண்டோம்.

வியப்பு என்னவென்றால், பேச்சு பழுதாகும் விதங்களைத் தமிழ் ஏற்கெனவே நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒலி தெளிவில்லாமல் போனால் குழறல். பொருள் கெட்டால் உளறல், பிதற்றல். முதலசையிலேயே மாட்டிக்கொண்டால் திக்கல். குழந்தைக்கு மழலை. உணர்ச்சியில் தொண்டை அடைத்தால் தழுதழுத்தல். டிசார்த்ரியா என்று மருத்துவர்கள் சொல்வது குழறலேதான்: நாக்கு, உதடு, தொண்டைத் தசைகள் வலுவிழந்து அல்லது ஒத்திசையாமல் போவதால் வருவது. மொழி உள்ளே முழுதாக இருக்கும். கை நன்றாக இருந்தால் அவர் பக்கம் பக்கமாக எழுதலாம். அதற்கு 'வாய்க்குழறல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். "வாய் குழறுகிறது" என்று சொல்லிக்கொண்டுதான் மக்களே மருத்துவமனைக்கு ஓடிவருகிறார்கள். நாம் புதிதாக எதையும் செய்யவேண்டியதில்லை. வெர்னிக்கே வகைக்கு 'உளறல்' பொருளளவில் நெருக்கமானது என்றாலும் அதை நான் ஏற்கமாட்டேன். நோயுற்ற ஒரு மனிதரின் தாளில் அப்படி எழுதக்கூடாது.

இனி அஃபேசியாவுக்கு வருகிறேன். 'மொழியிழப்பு' என்று நம் குழுவிலுள்ள பேராசிரியர் முன்மொழிந்தார். கருத்தளவில் சரி. ஆனால் புலம்பெயர்ந்த குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் தாய்மொழியை விட்டுவிடுவதையும் மொழியிழப்பு என்றுதான் எழுதுகிறோம். இரண்டும் மோதும். கிளவி என்றால் சொல்; 'கிளவிக்கேடு' என்ற இன்னொருவரின் முயற்சியைப் படித்ததும் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் நினைவுக்கு வந்து எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் படுக்கையருகே நிற்கிற மருமகளுக்குக் கிளவி என்றால் 'கிழவி' என்றுதான் காதில் விழும்.

என் பரிந்துரை 'சொல்முடக்கம்'. சொல் என்பது நமக்குப் பெயருமாகும், ஏவலுமாகும். வாயில் வருவதும் சொல்; ஏட்டில் இருப்பதும் சொல்; நினைவில் தேடுவதும் சொல். "வாய்வரை வந்துவிட்டது, சொல் கிடைக்கவில்லை" என்று நாமே நாள்தோறும் படும் இடர்ப்பாடுதான் அஃபேசியாவில் மலையாகப் பெருத்துவிடுகிறது. தங்கையைப் பார்த்துத் தம்பி என்பதும், சோறு கேட்க நினைத்துத் தண்ணீர் என்பதும் சொல்லில் நேரும் பழுதுதான்.

அடுத்து 'இழப்பு'. இழந்தது திரும்பாது என்ற ஒலி அதில் இருக்கிறது. அஃபேசியா பலருக்கு ஓரளவு குணமாகும், அதிலும் முதல் சில மாதங்களில். பெரும்பாலும் சொற்கள் அழிந்துவிடுவதில்லை, அவற்றுக்குப் போகும் வழிதான் அடைபடுகிறது. நான்காம் மாதம் வந்த பேச்சுப் பயிற்சியாளர் பெரியப்பாவிடம், "சாவி எங்கே, கண்ணாடி எங்கே" என்று கேட்டார். ஒவ்வொன்றையும் சரியாகச் சுட்டிக்காட்டினார். பிறகு பயிற்சியாளர் ஒரு தேவாரப் பதிகத்தின் முதலடியை மெல்லத் தொடங்கினார். பெரியப்பா தொடர்ந்து நான்கு பாட்டுப் பாடினார், ஒரு சொல் பிசகவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாத வாய் அது. மனப்பாடமான பாட்டும், எண்ணும் வரிசையும், கிழமைப் பெயர்களும் இப்படித் தப்பிப் பிழைப்பது பலரிடம் காணப்படுவதே என்று பயிற்சியாளர் சொன்னார். பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இதற்கு இழப்பு என்று பெயரிட எனக்கு மனம் வரவில்லை.

'முடக்கம்' என்றால் இணைய முடக்கம், வங்கிக் கணக்கு முடக்கம் என்று யாரோ வேண்டுமென்றே நிறுத்தியதுபோல் இருக்கிறதே என்று நம் குழுவிலுள்ள மருத்துவர் அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் "கால் முடங்கிப்போயிற்று" என்பது இவற்றுக்கெல்லாம் மூத்த வழக்கு. உடலை வைத்துச் சொல்லும்போது அந்தப் பொருள்தான் முதலில் தோன்றும்.

ஒரு செய்தியையும் சேர்க்கிறேன். 1861இல் பாரிசில் பிரெஞ்சு மருத்துவர் போல் ப்ரோக்கா ஆராய்ந்த நோயாளி லெபோர்ன், இருபதாண்டுகளுக்கு மேல் மருத்துவமனையில் இருந்தவர். பிறர் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரியும். வாயில் வந்ததோ பெரும்பாலும் 'தான்' என்ற ஓர் அசைதான். அந்த நிலைக்கு ப்ரோக்கா வைத்த பெயர் 'அஃபெமி'. கிரேக்கத்தில் அது அவப்பெயர் என்று பொருள்படும் என்று மறுத்து, 1864இல் அர்மான் த்ரூசோ என்ற மருத்துவர் 'அஃபாசி' (இன்றைய அஃபேசியா) என்பதைக் கொண்டுவந்தார். ப்ரோக்கா தம் சொல்லுக்காக வாதாடியும் நின்றது த்ரூசோவின் சொல்லே. ஒரு சொல்லுக்கு இத்தனை மடல்களா என்று கேட்டவருக்காக இதை எழுதினேன்.

பெயர் தேடவேண்டிய இன்னொன்று பேச்சு அப்ராக்ஸியா: அதில் தசையும் மொழியும் நன்றாக இருக்க, ஒலியை அமைக்கும் திட்டம் மட்டும் கெடுகிறது. அதற்கு 'நாத்தடுமாற்றம்' என்று பெயரிடலாம் என்று நினைத்தேன்; வாய்தவறிச் சொல்வதையும் அப்படிச் சொல்கிறோமே என்பதால் முடிவு செய்ய முடியவில்லை. உங்களுக்கு ஏதேனும் தோன்றினால் எழுதுங்கள்.

புணர்ச்சி விதிப்படி 'சொன்முடக்கம்' என்றுதான் வரவேண்டும் என்பதை அறிவேன். 'சொல்' கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே பிரித்து எழுதினேன். இலக்கணம் அறிந்தவர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா?

அன்புடன்