நாள் முழுக்க ஓட்டியும் கேரவன் வேன்ல வீட்டு பேட்டரி ஏறல – உதவி வேணுமுங்க

சூலூர்க்காரன்:
வணக்கமுங்க. பிஎஸ்6 (புது புகை விதிப்படி வந்த) வேனைக் கேரவனா மாத்தி வச்சிருக்கேன். அப்பாவுக்கு மூட்டு மாத்துன கால், ரொம்ப நேரம் உட்கார முடியாது. படுத்துட்டே வரட்டும்னுதான் இந்த வண்டியே. அம்மாவுக்கு இன்சுலின், அதனால 12 வோல்ட் ஃப்ரிட்ஜ்.

போன ஞாயித்துக்கெழமை முத்தூர் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வெக்கப் போனோம். காலைல அஞ்சரைக்குக் கெளம்பி பல்லடம், காங்கேயம் வழியா போயி, திரும்பறப்ப வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், உடுமலை. சனிக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஃப்ரிட்ஜைப் போட்டுட்டேன். கெளம்பறப்ப வீட்டு பேட்டரி (வண்டிக்குள்ள ஃப்ரிட்ஜ், ஃபேனுக்குன்னு தனியா வெச்சது; 150 ஆம்ப் அவர், டியூபுலர்) 12.4 வோல்ட் காட்டுச்சு. அன்னிக்கு இஞ்சின் நாலு மணி நேரத்துக்கு மேல ஓடியிருக்கும். ஆனா மத்தியானம் மூணு மணிக்கு, தாராபுரம் தாண்டறப்ப ஃப்ரிட்ஜ் நின்னுபோச்சு. பாத்தா 11.6. அம்மா கைப்பைய மடியில வெச்சுட்டு உடுமலை வரைக்கும் பேசவே இல்ல.

பேட்டரி போச்சு, புதுசு மாத்துங்கனு கடைல சொல்றாங்க. மாத்தட்டுமா? இன்னொண்ணு, கட்டிலுக்கு அடியில டக்கு டக்குனு ஒரு சத்தம் வருதுனு அப்பா சொல்லீட்டே வந்தாரு.

பெருந்துறை மருந்துக்கடை:
முதல்ல இன்சுலின். பிரிக்காத மருந்துதான் 2 முதல் 8 டிகிரியில இருக்கோணும். பிரிச்ச பேனா பெரும்பாலும் 28 நாள் வரைக்கும் வெளியவே தாங்கும், ஆனா 30 டிகிரிக்கு மேல போகக்கூடாது. அட்டைல போட்டிருக்கறதையும் பாத்துக்கோங்க. நம்ம ஊர் வெயிலுக்கு, சின்ன மண்சட்டிக்கு ஈரத்துணி சுத்தி, மருந்த டப்பால போட்டு உள்ள வெச்சு, காத்து படற மாதிரி வெயுங்க. ஐஸ் மேல நேரா வெக்காதீங்க. உறைஞ்சுபோன இன்சுலின் உதவாது.

ஆட்டோ எலக்ட்ரிக், காங்கேயம்:
பேட்டரிய மாத்தாதீங்கண்ணா. கணக்கப் பாருங்க. சனி அஞ்சு மணியிலிருந்து ஞாயிறு மூணு மணி வரைக்கும் 22 மணி நேரம். இந்த வெயிலுக்கு ஃப்ரிட்ஜ் சராசரியா 4 ஆம்ப்னு வெச்சாலும் 88 ஆம்ப் அவர், அது போக ஃபேன். கிட்டத்தட்ட 115 குடுத்திருக்குது. செத்த பேட்டரி இவ்வளவு குடுக்காது. அது ஏறவே இல்ல, அவ்வளவுதான்.

அப்பா கேட்ட சத்தம்தான் முக்கியம். கட்டிலுக்கு அடியில ரிலே இருக்குமுங்க, இஞ்சின் பேட்டரியையும் வீட்டு பேட்டரியையும் தானா சேத்துப் பிரிக்கற சுவிட்ச். அந்தச் சத்தம் எப்ப வருதுன்னு கேட்டுச் சொல்லுங்க. மல்டிமீட்டர் வெச்சு இஞ்சின் பேட்டரியையும் பாருங்க: ஸ்டார்ட் பண்ணினதும் ஒருக்கா, கால் மணி நேரம் ஓட்டீட்டு ஒருக்கா.

சூலூர்க்காரன்:
பாத்துட்டேனுங்க. ஸ்டார்ட் பண்ணினதும் 14.3. கால் மணி நேரம் கழிச்சு 12.7. அப்பாவ மறுபடி படுக்க வெச்சு ஓட்டுனேன். ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா, வேகத்தடை வந்தா, ‘டக்’. மறுபடி மிதிச்சதும் இன்னொரு ‘டக்’. நேர் ரோட்டுல சத்தமே இல்லீங்களாம்.

ஆட்டோ எலக்ட்ரிக், காங்கேயம்:
அப்பாவே கண்டுபிடிச்சுட்டாரு. உங்களுது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடறப்ப பேட்டரிய ஏத்தற ஜெனரேட்டர்). இஞ்சின் பேட்டரி நெறஞ்சதும் டீசல் மிச்சம் பண்ண வோல்டேஜ எறக்கீரும், கால எடுக்கறப்ப மட்டும் ஏத்தும். ரிலே 13.3 இருந்தாத்தான் சேரும், 12.8-ல பிரிஞ்சுக்கும். காங்கேயம், தாராபுரம் மாதிரி நேர் ரோட்டுல மிதிச்சுட்டே போறீங்க, அதனால நாள் பூராம் பெரும்பாலும் பிரிஞ்சே கெடந்திருக்குது. பழைய வண்டிக்கு இந்த ரிலே சரி, இதுக்கு ஆகாது.

டிசி டு டிசி சார்ஜர் போடுங்க, இஞ்சின் பக்கம் வோல்டேஜ் எறங்குனாலும் அது ஏத்தி வீட்டு பேட்டரிக்குக் குடுக்கும். உங்க பேட்டரிக்கு 20 ஆம்ப் போதும். இக்னிஷன் ஒயர் (சாவி போட்டதும் கரண்டு வர்றது) கண்டிப்பா குடுக்கோணும், இல்லீன்னா அதுவும் இதே மாதிரி பிரியும். கேபிள் 16 சதுர மில்லிமீட்டர், ரெண்டு பேட்டரி பக்கத்துலயும் ஃப்யூஸ். எர்த் ஒயர வண்டி பாடியோட சேக்கற போல்ட்டுக்கு அடியில பெயிண்ட்ட நல்லா சொரண்டீருங்க, பெயிண்ட் இருந்தா கரண்டு சரியா போகாது. அதுவரைக்கும் பகல்லயும் ஹெட்லைட் போட்டுப் பாருங்க, சில வண்டியில வோல்டேஜ் எறங்காம நிக்கும்.

குண்டடம் விவசாயி:
வழியில கரண்டு வேணும்னா எங்க பக்கம் எந்தச் சாளையிலயும் (தோட்டத்து வீடு) கேளுங்க, இல்லீன்னு சொல்லமாட்டாங்க. ஆனா மோட்டார் ரூம்ல சொருகாதீங்க சாமி, அது பாசனத்துக்குக் குடுத்த இலவசக் கரண்டு. வீட்டு லைன்ல கேளுங்க.

சூலூர்க்காரன்:
சார்ஜர் போட்டாச்சுங்க. பழைய எர்த் போல்ட்ட கழட்டுனா அடியில பெயிண்ட் அப்படியே பளபளன்னு இருந்துச்சு. நேத்து தாராபுரம் வரைக்கும் போயிட்டு வந்தோம்: ஓட்டறப்ப 19 ஆம்ப் ஏறுது, வீட்டு பேட்டரி 14.1, ஃப்ரிட்ஜ் 5 டிகிரி. சத்தம் நின்னுபோச்சுன்னு அப்பா ரெண்டு தடவ சொன்னாரு. எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆடி நோம்பிக்கு மறுபடி போறோம், வண்டிக்குப் பக்கத்துல நெழல்துணி இழுத்துக் கட்டலாங்களா?

குண்டடம் விவசாயி:
கட்டாதீங்க. ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாயில பூந்து நேரா இங்கதான் வரும், கரண்டு எடுக்கற காத்தாடி இத்தன நிக்கறதே அதுக்குத்தான். துணியோட கம்பியும் சேந்து போயிரும். வண்டிய மூக்கு மேக்க பாக்க நிறுத்தி, கெழக்குப் பக்கம் பாய் விரிச்சு உக்காருங்க.