புதுப்பிப்பு: விளக்குக் கரி வண்ணம் மிதப்பதும் வெடிப்பதும்

விளக்குக் கரியை வேலம்பிசினில் அரைத்துக் கறுப்பு வண்ணம் செய்வதை முந்தைய இழையில் எழுதியிருந்தேன். கரி தண்ணீரில் மிதக்கிறது, தீட்டியது வெடிக்கிறது என்று கேட்டவர்களுக்காக இது.

கரியில் இயல்பாகவே தண்ணீர் ஒட்டாது. எரியாத எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் இன்னும் மோசம். பசை போக, கரியைச் சின்ன மண்சட்டியில் அமுக்கி, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் பூசி, ஊசித்துளை ஒன்று மட்டும் விட்டு, வெட்டவெளியில் விறகடுப்பில் ஏற்றுங்கள். துளையில் புகை நின்றதும் இறக்கலாம். முழுக்க ஆறும்வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கனன்று சாம்பலாகிவிடும். பிறகு கல்வத்தில் (மருந்து அரைக்கும் குழிக்கல்) கரியைப் போட்டு, பிசின் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கெட்டி விழுதாக அரையுங்கள். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் கட்டி உடையாது.

பிசின் நீருக்கு: வேலம்பிசின் 10 கிராம், தண்ணீர் 20 மி.லி., இரவு முழுக்க ஊறல், வேட்டித் துணியில் வடிகட்டல். மதுரை நாட்டு மருந்துக் கடைகளில் வெறுமனே பிசின் என்று கேட்டால் பாதாம் பிசினை நீட்டலாம். அது உப்பி ஜவ்வாகுமே தவிர கரையாது, ஜிகர்தண்டாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பளபளத்து வெடித்தால் பிசின் அதிகம். விரலில் கரி ஒட்டினால் குறைவு. சித்திரை வெயிலில் அளவு சரியாக இருந்தும் வெடிக்கும். அப்போது 20 மி.லி.க்கு நாலைந்து சொட்டுத் தேன். ஐப்பசி ஈரத்தில் தேன் பிசுபிசுக்கும், விட்டுவிடுங்கள். பூசணத்துக்கு ஒரு சொட்டு கிராம்புத் தைலம் போதும்.