கசிப்பு அருந்தும் தந்தையின் குடியை அறிக்கையில் எவ்வாறு மதிப்பிடுவது?

வணக்கம். கொழும்பு வடக்கில் சிறுவர் நலப் பணியில் இருக்கிறேன். மட்டக்குளியில் எட்டு வயதுச் சிறுமியொருத்தியின் வழக்கில், தந்தையின் குடி அவளது பராமரிப்பை எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்று மூன்று வாரங்களுக்குள் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அதைத்தான் உறுதியாக எழுத முடியவில்லை.

குடிப்பழக்கத்தை அளவிடும், உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஓடிட்’ (AUDIT) வினாக்கொத்திலுள்ள 10 கேள்விகளையும் தமிழில் கேட்டதில் 40க்கு 6 புள்ளிகளே வந்தன; 8 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் ஆபத்தான குடி என்று வழமையாகக் கொள்வர். ஆனால் அவர் குடிப்பது கசிப்பு, அதாவது சட்டவிரோதமாகக் காய்ச்சும் சாராயம். அதன் செறிவு போத்தலுக்குப் போத்தல் மாறுவதால், ஒரு நாளைக்கு எத்தனை அலகு என்ற கேள்வியே பொருளற்றுப் போகிறது. இரத்தப் பரிசோதனையில், குடியால் உயரக்கூடிய ஜிஜிடி (GGT) என்ற கல்லீரல் நொதி கூடியிருந்தது, எனினும் கொழுப்பீரலாலும் அது கூடும்.

இரண்டு மாதங்களில் நான்கு முறை வீட்டுக்குச் சென்றேன். அறிவிக்காமல் சென்ற ஒரே வெள்ளிக்கிழமை மாலையில், தகப்பன் வாசற்படியில் நினைவின்றிக் கிடக்க, சிறுமி தங்கைக்குச் சோறு குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பாடசாலை வரவுப் பதிவேட்டில் திங்கட்கிழமைகளே அதிகம் விடுபட்டிருக்கின்றன (எனக்கு இது புள்ளிகளைவிடக் கனமாகப் படுகிறது). தாய் வெளிநாட்டில் வேலை செய்கிறார்; அப்பம்மா வாய் திறக்க மறுக்கிறார்.

வினாக்கொத்தின் புள்ளி குறைவாகவும் நேரில் கண்டவை அதற்கு மாறாகவும் இருக்கும்போது, நீதிமன்றம் ஏற்கும் வகையில் இரண்டையும் ஒரே அறிக்கையில் எவ்வாறு எழுதுகிறீர்கள்?