சர்வீஸ் ரிட்டர்னில் மகளுக்குத் தாமதம், உதவி தேவை

சுவரோரம்: வணக்கம். மகள் டென்னிஸ் ஆடுகிறாள். ராலியில், அதாவது பந்தை மாறி மாறி அடிக்கும்போது, நன்றாக ஆடுகிறாள். சர்வீஸ் வந்தால் மட்டும் ராக்கெட் எழும்புவதற்குள் பந்து தாண்டிவிடுகிறது. ரியாக்‌ஷன் டைம் குறைய என்ன பயிற்சி? சனிக்கிழமை மேட்ச். அவசரம்.

நெட்டருகே: வயது என்ன? களிமண் தரையா, ஹார்ட் கோர்ட்டா? முதல் சர்வீஸா, இரண்டாவதா? எங்கே நிற்கிறாள்?

ரப்பர்பந்து: ரியாக்‌ஷன் பால் வாங்குங்கள். புடைப்பு புடைப்பாக இருக்கும், தரையில் பட்டால் எங்கே துள்ளும் என்றே தெரியாது. தினமும் சுவரில் எறிந்து பிடிக்கச் சொல்லுங்கள். என் பையனுக்குக் கை வேகம் வந்தது அதில்தான்.

பழைய ராக்கெட்: இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதுவது? தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். கோர்ட் நீளம் 23.77 மீட்டர். மணிக்கு 200 கிமீ சர்வீஸ் முக்கால் நொடிக்குள் வந்துவிடும். கண்ணில் பட்டதற்குக் கை அசையவே 0.2 நொடி ஆகும், சாம்பியனுக்கும் அதில் பெரிய சலுகை இல்லை. வித்தியாசம் ஸ்பிளிட் ஸ்டெப்பில், அதாவது நின்ற இடத்தில் போடும் சின்னக் குதிப்பில் இருக்கிறது. எதிராளி பந்தை அடிக்கும்போது இவள் காற்றில் இருக்க வேண்டும். கால் தரையைத் தொடும்போது திசை தெரிந்திருக்கும்.

இடதுகை: சரிதான், ஆனால் பாதிதான். பந்து கிளம்பும் முன்பே படிக்க வேண்டும். வலக்கைக்காரர் பந்தைத் தலைக்கு மேல் இடப்பக்கமாகப் போட்டால் பெரும்பாலும் கிக் (உயரமாகத் துள்ளும்), வலப்பக்கம் போட்டால் ஸ்லைஸ் (பக்கவாட்டில் வளையும்). சர்வீஸ் வீடியோவை ராக்கெட் பந்தைத் தொடும் கணத்தில் நிறுத்தி, எந்தப் பக்கம் என்று சொல்லச் சொல்லுங்கள். பழைய சாம்பியன் பெக்கரின் நாக்கு எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தே, இன்னொரு சாம்பியனான அகாஸி அவர் சர்வீஸைப் படித்தாராம்.

பழைய ராக்கெட்: நாக்குக் கதையை நம்புகிறீர்களா? அப்படியென்றால் 1995 விம்பிள்டன் அரையிறுதியில் பெக்கர் அகாஸியை எப்படி ஜெயித்தார்?

இடதுகை: சொன்னது அகாஸியேதான். பெக்கருக்குச் சந்தேகம் வராமலிருக்க முக்கியமான புள்ளிகளில் மட்டும் பயன்படுத்தினாராம். பெக்கரிடம் முதல் மூன்று மேட்ச் தோற்றவர், அடுத்த 11-இல் 10 ஜெயித்திருக்கிறார்.

பழைய ராக்கெட்: ஜெயித்தவர் பின்னால் சொல்வதெல்லாம் ஆதாரம் ஆகாது.

ரப்பர்பந்து: பந்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?

நெட்டருகே: கண்ணுக்கும் கைக்கும் நல்லதுதான் அண்ணா, ஆனால் அது சர்வீஸைப் படிக்கக் கற்றுத் தராது. அகாஸியை விடுங்கள், அந்தப் பெண்ணின் வயதே இன்னும் தெரியவில்லை.

சுவரோரம்: மன்னிக்கவும், வேலை. 13 வயது, ஹார்ட் கோர்ட், முதல் சர்வீஸ். வீடியோ எடுத்துப் பார்த்தோம், எதிராளி அடிக்கும்போது இரண்டு குதிகாலும் தரையில் ஊன்றியிருக்கின்றன. ராக்கெட்டையும் முதுகுவரை கொண்டுபோகிறாள். நன்றி.

நெட்டருகே: அப்படியானால் சனிக்கிழமைக்குள் இரண்டே வேலை. பின்னிழுப்பைத் தோளோடு நிறுத்தி, முதல் சர்வீஸை பிளாக் செய்து, அதாவது ராக்கெட்டை வீசாமல் தடுத்து, நடுவில் ஆழமாகப் போடட்டும். நீங்கள் பின்கோட்டிலிருந்து முன்னால், சர்வீஸ் கோட்டருகே வந்து நின்று மெதுவாக சர்வ் செய்யுங்கள். தூரம் குறைவதால் நேரம் தானாக நெருக்கும். ஒவ்வொரு பந்துக்கும் கால் தரை தொட்டதும் ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று அவள் சத்தமாகச் சொல்ல வேண்டும். வீடியோ பயிற்சியை மேட்ச் முடிந்து தொடங்குங்கள், அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.