ஆங்கில வசைச்சொற்களோடும் வெட்டிப்பேச்சுச் சொற்களோடும் ஏற்பட்ட அனுபவங்கள்

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆங்கிலத்தில் ஏளனத்துக்கும் சவடாலுக்கும் இருக்கிற சொற்களோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறேன். அவற்றுள் என்னை விடாமல் துரத்திய சொல் 'பங்கம்'. நம் பங்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓர் அரசியல் கட்டுரையில் வந்தது. அகராதி 'வெற்றுப்பேச்சு' என்று முடித்துக்கொண்டது. வெற்றுப்பேச்சில்தான் எத்தனை வகை! எந்த வகை என்று தெரியாமல் மேலே போக மனம் வராததால் தோண்டிப் பார்த்தேன்.

1820ஆம் ஆண்டு. மிசௌரியை மாநிலமாகச் சேர்க்கும்போது அங்கே அடிமைமுறையை அனுமதிக்கலாமா என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நெடிய விவாதம். வாக்கெடுப்புக்கு எல்லோரும் அவசரப்படும் வேளையில், வட கரோலினாவைச் சேர்ந்த ஃபீலிக்ஸ் வாக்கர் பேச எழுகிறார். போதும், உட்காருங்கள் என்று சக உறுப்பினர்கள் குரல் கொடுக்கிறார்கள். அவர் மசியவில்லை. தம் தொகுதியிலுள்ள பங்கம் மாவட்டத்துக்காகப் பேசியே ஆகவேண்டும் என்கிறார். சபைக்குச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. ஊரார் காதில் விழ ஒரு பேச்சு தேவைப்பட்டது, அவ்வளவுதான். மனிதரை மனிதர் விலைக்கு வாங்குவதைப் பற்றிய விவாதத்தில் இப்படி ஒரு பேச்சு! படித்த எனக்கே ஆறவில்லை.

இந்தச் சொல்லின் சுருக்கம்தான் 'பங்க்'. அதிலிருந்து 1923இல் வில்லியம் உட்வர்ட் என்ற எழுத்தாளர் 'டிபங்க்' என்ற வினைச்சொல்லை உருவாக்கினார். பொய்ச்செய்தியின் குட்டை உடைப்பதற்கு இன்று எங்கும் புழங்கும் சொல் அது.

எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வாய் ஒருவருடையது, பழி ஊருக்கு. வாக்கரை யாருக்கு நினைவிருக்கிறது? மாவட்டத்தின் பெயர்தான் வசையாக நிலைத்தது. பிரான்சின் கேஸ்கனிப் பகுதியினர் வீம்புக்காரர்கள் என்று முத்திரை குத்தி, தற்பெருமைக்கு 'கேஸ்கனேட்' என்று பெயர் வைத்தார்கள். லண்டன் மீன்சந்தையான பில்லிங்ஸ்கேட்டின் பெயரோ கொச்சை வசவுக்கே பெயராகிவிட்டது. அங்கே மீன் விற்ற பெண்களின் வாய்த்துடுக்கு அப்படிப் பேர்போனதாம். சந்தை இரைச்சலில் நின்று விற்பவர்கள் உரக்கப் பேசாமல் வேறென்ன செய்வார்கள்? ஊர்ப்பெயரில் பிறந்த வசைகளைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்.

---

ஊருக்கு மட்டுமா, ஆளுக்கும் இதே கதிதான். ஆஸ்திரேலியர்களுடன் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது, மூத்த அதிகாரி ஒருவர் "அதெல்லாம் ஃபர்ஃபி" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். வதந்தி என்று பொருள்.

ஜான் ஃபர்ஃபி விக்டோரியா மாநிலத்தின் ஷெப்பர்ட்டன் நகரில் இரும்புப் பட்டறை வைத்திருந்தவர். அவர் பட்டறையின் தண்ணீர் வண்டிகள் முதல் உலகப்போரின்போது ராணுவ முகாம்களுக்குப் போயின. தண்ணீர் பிடிக்கக் கூடிய சிப்பாய்கள் அங்கேதான் கேட்டதையும் கேட்காததையும் அளந்தார்கள். வண்டியில் பெரிதாக 'ஃபர்ஃபி' என்று எழுதியிருந்ததால் பொய்க்கதைக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தொட்டியின் வார்ப்பிரும்பு மூடியில் அவர் பொறித்த வரிகளைப் படத்தில் பார்த்தேன்: நல்லது சிறப்பாகும்வரை, சிறப்பு மிகச் சிறப்பாகும்வரை ஓயாதே என்று. இவ்வளவு கருத்தாக வேலை செய்த மனிதரின் பெயர் புளுகுக்குப் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

---

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது: கப்பலிலும் இதுவே நடந்திருக்கிறது. மாலுமிகளுக்குக் குடிநீர் வைத்திருந்த பீப்பாயின் பெயர் 'ஸ்கட்டில்பட்'. அதைச் சுற்றி நடந்த வம்பளப்புக்கும் அதுவே பெயரானது.

நான் தேடி அலைந்தது வேறொன்று, 'ஸ்னாலிகாஸ்டர்'. கொள்கை துளியும் இல்லாமல் சாமர்த்தியத்தால் மட்டுமே பிழைக்கும் ஆளைக் குறிப்பது, பெரும்பாலும் அரசியல்வாதியை. 1952 தேர்தல் பிரசாரத்தில் அதிபர் ட்ரூமன் இதை எடுத்து வீச, அகராதிகளைப் புரட்டாதவர்களும் புரட்டினார்கள். அப்படிப்பட்ட சொல்லை, புழக்கம் குறைந்துவிட்டது என்று மெரியம் வெப்ஸ்டர் 2003இல் தன் கல்லூரி அகராதியிலிருந்து எடுத்துவிட்டது. 2017இல் தன் இணைய அகராதியில் மறுபடி சேர்த்தது. சொல் போனதால் அது சுட்டிய ஆட்களும் போய்விட்டார்களா என்ன? என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டின் பதினோராம் பதிப்பு. எவ்வளவு புரட்டியும் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இங்கே போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.